நடுவில் இருக்கும் ஓரம்

தண்ணீர்த் தொட்டியும் எண்ணெய்த் தொட்டியும் செய்கிற தொழிற்சாலை அது. அதன் கேன்டீனில் கேஸ் அடுப்புகள் சுவரை ஒட்டி ஒரே வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையின் நட்டநடுவில் இருக்கும் அடுப்புக்குப் பெயர் ஓரம். நடுவில் இருப்பதற்கு ஏன் இந்தப் பெயர் என்று புதிதாக வேலைக்கு வருகிற சமையல்காரர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு பதில் கிடைக்கும். அது அடுப்பைச் செய்த கம்பெனியின் பெயர் என்று கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர் அடித்துச் சொல்வார். முன்பு அங்கே ஒரு சுவர் இருந்தது, அதை இடித்ததும் ஓரம் நடுவாகிவிட்டது என்பார் வாசல் காவல்காரர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அந்த அடுப்பில் எதுவும் கொதிக்காது. கொதிக்கவும் கூடாது. ஓரம் என்பது இப்போது அடுப்பின் பெயர் மட்டுமல்ல, சமைக்கும் முறைக்கும் அதுதான் பெயர். "பயறை ஓரம் போட்டாச்சா?" என்றால், தீ எரிகிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சிறிய சூட்டில் காலையிலேயே ஏற்றியாகிவிட்டதா என்று அர்த்தம். இதற்கு யாரும் மறுக்க முடியாத விளக்கம் ஒன்று உண்டு. "ஒரு குமிழி மேல வரணும். அடுத்த குமிழி வர்றதுக்குள்ள முதல் குமிழியை நாம மறந்துடணும். அதான் ஓரம்." தொழிற்சாலைக்கு வெளியேயும் இந்தச் சொல் பரவிவிட்டது. பெண் பார்த்துவிட்டு வந்து உடனே பதில் சொல்லத் துடிக்கிற பெற்றோரிடம், "கொஞ்சம் ஓரத்துல வைங்க" என்கிறார்கள் அந்த வட்டாரத்து மக்கள். ஒதுக்கிவிடு என்றல்ல, தானாகப் பதம் வரட்டும் என்று பொருள்.

குமிழி விளக்கம் சொன்னவள் அண்ணி. அவள் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். நடுவில் ஒருமுறை சமையலுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். "வேணாம். பாத்திரம்னா திருப்பிப் பேசாது. சாப்பிட வர்ற ஆம்பளைங்க பேசுவாங்க" என்று சொல்லிவிட்டாள். வாயாடி என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாய் இல்லாமல் இந்தக் கதையில் ஒரு மனிதர் பிழைத்திருக்க மாட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த மனிதர் அவள் கணவர். அதே தொழிற்சாலையில் வெல்டர். வெல்டிங் பிரிவே அவரை அண்ணன் என்று கூப்பிட்டதால்தான் இவள் எல்லாருக்கும் அண்ணி ஆனாள். அண்ணன் வேலையில் எமகாதகர், சாப்பாட்டில் அதைவிட. முதல் தட்டை முடித்ததும் கரண்டியால் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவார், டங் டங் என்று. இன்னும் வேண்டும் என்று அர்த்தம். எத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தம் தனியாகக் கேட்கும். பாத்திரம் கழுவுகிற இடத்தில் முதுகைக் காட்டி நிற்கும் அண்ணி, "வந்துட்டாரு மணியக்காரரு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு நாள் தொட்டி மூடியைத் தூக்கும் சங்கிலி நழுவியது. மூடியின் விளிம்பு அவர் தாடையில் அடித்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் தாடை எலும்பு விட்டுப்போனது. ஊருக்கெல்லாம் இரும்பை ஒட்டவைத்தவரின் தாடையை டாக்டர் கம்பி போட்டு ஒட்டவைத்தார். பல்லோடு பல்லைச் சேர்த்துக் கட்டியதால் பேச்சும் இல்லை, மெல்லுவதும் இல்லை. குழாய் வைத்து உறிஞ்சிக் குடிக்க வேண்டியதுதான்.

கம்பியை எடுத்த பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. தாடை கூடிவிட்டது, இனி மெல்லலாம், பேசலாம் என்றார் டாக்டர். அண்ணன் இரண்டையும் செய்யவில்லை. வாயைத் திறந்தால் மறுபடி விட்டுப்போகும் என்ற பயம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தலையாட்டுவதோடு சரி. அண்ணி எதை அரைத்துக் கரைத்துக் கொடுத்தாலும் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுத் தள்ளி வைத்துவிடுவார். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தொழிற்சாலையின் சங்கு ஊதும்போது மட்டும் தலையைத் திருப்புவார். மலைபோல் இருந்த உடம்பு சட்டைக்குள் காணாமல் போய்க்கொண்டிருந்தது. "இப்படியே இறங்கிக்கிட்டு போனா மருந்தால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. சாப்பிட வைங்க" என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

பக்கத்துத் தெருவில் நாத்தனார் இருந்தாள். அண்ணி வேலைக்குப் போன பிறகு வந்து தம்பியைப் பார்த்துக்கொள்வாள். நல்ல மனசு, நாக்குதான் கொஞ்சம் நீளம்.

"என்ன குடுக்கறே என் தம்பிக்கு? கரைச்ச சோறும் மைய அரைச்ச காயும். அவன் என்ன பல்லு முளைக்காத குழந்தையா?"

"மெல்ல மாட்டேங்கறாரே அண்ணி! நான் வேற எப்படிக் குடுப்பேன்?" ஊருக்கே அண்ணியானவள் நாத்தனாரை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

"ருசியா குடு. அவன் ருசி பாத்து வளந்தவன்."

கோபம் வந்தாலும் அண்ணி அதை யோசித்தாள். அரைத்தால் எல்லாம் ஒரே மாவாகிவிடுகிறது. வெங்காயமா, காரட்டா, கறியா என்று நாக்குக்குத் தெரிவதில்லை. மெல்லும்போது வெளியே வரும் ருசி மெல்லாமலே வெளியே வர வேண்டும். அதற்கு எலும்பும் காயும் பயறும் தாமாகவே மனசு விட்டுக் கரைய வேண்டும். ஒரு பொழுது முழுக்கச் சின்னத் தீயில் கிடக்க வேண்டும். வீட்டில் அதற்கு வழியில்லை. விடிந்ததும் அவள் வேலைக்கு ஓட வேண்டும். எரிகிற அடுப்பை ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும் மனிதரை நம்பி விட்டுப் போகவும் முடியாது.

அப்போது கேன்டீனில் இருந்தது பழைய இரும்புத் தட்டு அடுப்பு. கட்டில் நீளத்துக்கு ஒரே கனமான தகடு. அடியில் நடுவில் நெருப்பு. நடுவில் வைத்த அண்டாக்கள் தளதளவென்று கொதிக்கும். கடைசி ஓரத்துக்கு வரும்போது சூடு சோர்ந்துபோய் வெதுவெதுப்பாகிவிடும். அங்கே கரண்டிகளும் கைத்துணியும் மாஸ்டரின் டீ கிளாஸும் கிடக்கும்.

தலைமைச் சமையல்காரருக்குச் சுருக்கு மாஸ்டர் என்று பெயர். எதையும் "சுருக்கா, சுருக்கா" என்று விரட்டுவதால் வந்த பெயர். அவர் கையால் தாளித்தால் வாசல் காவல்காரருக்குத் தும்மல் வரும். வேகம் இல்லாத சமையலை அவர் சமையலாகவே மதித்ததில்லை. பாத்திரம் கழுவுகிறவர்கள் அடுப்புப் பக்கம் வருவதும் அவருக்கு ஆகாது. அவரிடம்தான் அண்ணி ஒரு சின்ன எவர்சில்வர் குண்டானோடு போய் நின்றாள்.

"மாஸ்டர், இதை அடுப்புல வச்சுக்கட்டுமா? எங்க வீட்டுக்காரருக்கு."

"அடுப்புல ஏதும்மா இடம்? எனக்கே பத்தலை."

"நான் நடுவையா கேட்டேன்? ஓரத்தைத்தானே கேக்கறேன்."

"இப்ப ஓரம்பே. இடம் குடுத்தா மடத்தைப் பிடுங்குவே."

"உங்க மடத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? அதையும் நான்தான் கழுவணும்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ கிளாஸை எடுத்துக்கொண்டார்.

கறிக்கடையில் கழித்துப் போட்ட எலும்பு, ஒரு பிடி பயறு, வெங்காயம், பூசணித் துண்டு, காரட். கைத்துணி கிடந்த இடத்தில் குண்டானை வைத்து மூடினாள். காலையில் வைத்தது, வேலை முடிந்து கிளம்பும்போது எடுப்பாள். நடுவில் மூடியைத் திறக்க மாட்டாள். மூடியில் காதை வைத்துக் கேட்பாள். குமிழி அவசரப்பட்டால் குண்டானை இன்னும் கொஞ்சம் வெளியே நகர்த்துவாள். மத்தியானம் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள்.

முதல் நாள் அண்ணன் வழக்கம்போல இரண்டு வாய் உறிஞ்சினார். பிறகு நிறுத்திவிட்டு டம்ளரையே பார்த்தார். மறுபடி உறிஞ்சினார். காரட் காரட்டாகவும் கறி கறியாகவும் நாக்கில் தனித்தனியாக வந்து நின்றன. டம்ளர் காலியானது. நாத்தனார் கதவோரமாக நின்று பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேனே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு முறை நாத்தனாரின் நாக்குக்கு ஆயிரம் நன்றி சொல்லலாம் என்று அண்ணிக்கே தோன்றியது.

கேன்டீனில் சில நாளில் இன்னொரு அதிசயம் நடந்தது. குண்டானில் சாறு குறையத் தொடங்கியது.

"மாஸ்டர், என் குண்டான்ல பூனை வாய் வைக்குது" என்றாள் அண்ணி.

"கேன்டீன்ல ஏதும்மா பூனை?"

"இருக்கே. மீசையில பயறு ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க."

திருடனுக்குத் தேள் கொட்டினது மாதிரி மாஸ்டர் மீசையைத் துடைத்தார். அதன் பிறகு ஒளிவுமறைவு இல்லை. தன் பயறையும் கிழங்கையும் அவரே கொண்டுவந்து, "இதையும் உன் ஓரத்துல போடு" என்றார். சாப்பிட்ட வெல்டர்கள், "இன்னிக்கு ஓரம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சொல் பிறந்தது இப்படித்தான். ஆனால் அண்ணிக்கு அதிலெல்லாம் பெருமை இல்லை. அண்ணன் குடித்தார், உடம்பு மேற்கொண்டு இறங்காமல் நின்றது. ஆனால் ஏறவும் இல்லை. பேச்சு வரவில்லை. நாற்காலி ஜன்னலை விட்டு நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து நிர்வாகம் புது அடுப்பு வாங்கியது. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் பழைய இரும்புத் தட்டைக் காணோம். பளபளவென்று கேஸ் அடுப்புகள் வரிசையாக நின்றன. சுருக்கு மாஸ்டருக்குக் கொண்டாட்டம். திருகினால் தீ, மூடினால் இல்லை. வரிசையின் நடுவில் சின்னதாக ஒரு அடுப்பு, தாளிப்புக்கு என்று அதைத் தனக்குப் பிடித்துக்கொண்டார்.

அண்ணி குண்டானோடு நின்றாள். எந்த அடுப்பில் வைத்தாலும், எவ்வளவு குறைத்தாலும், கொதித்தது. இன்னும் குறைத்தால் தீ அணைந்தது. அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். பழைய அடுப்பில் பழகிய கை அதைத்தானே செய்யும். சூடு அதிகமானால் குண்டானை வெளியே நகர்த்து என்று இத்தனை நாள் பழகியிருந்தாள். கடைசி அடுப்பில் குண்டானைப் பாதி தீயின் மேலும் பாதி வெளியேயுமாகத் தள்ளி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அடிப்பிடித்த வாசனை அவளைத் தேடி வந்தது. ஒரு பக்கம் கருகி ஒட்டியிருந்தது, மறு பக்கம் பயறு வேகவே இல்லை. அன்று வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றுமில்லை. வெறும் பாலை ஆற்றிக் கொடுத்தாள். அண்ணன் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார். பழைய கதை திரும்பிவிட்டது.

கருகிய குண்டானைக் கேன்டீனில் விட்டுவர அவள் மானம் இடம் கொடுக்கவில்லை. அவள் கைக்கு மசியாத கறை இருக்கிறது என்று நாளைக்கு யாராவது பேசினால்? வீட்டுக்கே எடுத்து வந்திருந்தாள். பின்வாசலில் உட்கார்ந்து தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அழுகை வந்தது. அழுதுகொண்டே தேய்த்தாள், திட்டிக்கொண்டும் தேய்த்தாள். கேஸைத் திட்டினாள், நிர்வாகத்தைத் திட்டினாள், தன் கையைத் திட்டினாள்.

நிழல் விழுந்தது. அண்ணன் பக்கத்தில் நின்றார். குண்டானை அவள் கையிலிருந்து வாங்கினார். உள்ளே பார்க்கவில்லை, கவிழ்த்து அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினார். எவர்சில்வரில் பிறை வடிவத்தில் ஒரு தடம். நடுவில் நீலம், அதைச் சுற்றித் தேன் நிறம், அதற்கும் வெளியே லேசான மஞ்சள். சூடு பட்ட இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் வெல்டர்கள் சோறு சாப்பிடுகிறார்கள். கட்டைவிரலால் அந்தப் பிறையை மெதுவாகத் தடவினார்.

"தீ ஒரு பக்கமா அடிச்சிருக்கு" என்றார்.

குரல் துருப்பிடித்திருந்தது. தாடை கொஞ்சமாகத்தான் திறந்தது. ஆனால் திறந்தது. ஊர் அறிந்த வாயாடி அப்போது மூச்சுக்கூட விடவில்லை. ஏதாவது பேசினால் அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயந்துபோய்க் கையில் தேங்காய் நாரோடு அப்படியே இருந்தாள்.

"நடுவுல ஏன் வைக்கலை?"

"நடுவுல வச்சா கொதிக்குதுங்க" என்றாள், மெதுவாக. "பழைய அடுப்புல ஓரம் இருந்திச்சு. இதுல இல்லை."

"கேஸுக்கு ஏது ஓரம்? தகடு வேணும். கனமா. தீக்கும் தகட்டுக்கும் நடுவுல காத்து போகணும்." குண்டானை நிமிர்த்திக் கீழே வைத்தார். "அடுப்பைப் பாக்கணுமே."

மறுநாள் காலை அண்ணன் பழைய வேலைச்சட்டையைப் போட்டுக்கொண்டு அவளோடு நடந்தார். சட்டை அவர் மேல் தொங்கியது. வாசலில் காவல்காரர் ஓடி வந்தார், வெல்டர்கள் ஓடி வந்தார்கள். அண்ணி கையை வீசி எல்லாரையும் கோழி விரட்டுவது மாதிரி விரட்டினாள். "யாரும் எப்படி இருக்கீங்கன்னு கேக்காதீங்க. வேலையா வந்திருக்காரு."

அண்ணன் வரிசையில் ஒவ்வொரு அடுப்பையும் குனிந்து பார்த்தார். நடுவில் இருந்த சின்ன அடுப்பின் முன்னால் நின்று ஜாணால் அளந்தார். "இது" என்றார்.

"அது என் தாளிப்பு அடுப்பு" என்றார் மாஸ்டர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வேற எதையாவது எடுத்துக்கப்பா."

"மத்ததுல தீ பெரிசு. இதான் சரி."

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் அந்தச் சட்டை தொங்குவதைப் பார்த்தார். இந்த மனிதர் பேசுகிறார் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். வாணலியை எடுத்துக் கடைசி அடுப்பில் வைத்தார். பிறகு அண்ணியைப் பார்த்து, "ஏம்மா, அன்னைக்கு நான் என்ன சொன்னேன்? இடம் குடுத்தா மடத்தைப் பிடுங்குவே நீன்னு சொன்னேனா இல்லையா? ஓரம்தானே கேட்டே நீ?" என்றார்.

"இப்பவும் ஓரத்தைத்தான் மாஸ்டர் கேக்கறேன். அது நடுவுல வந்து உக்காந்தா நான் என்ன பண்றது?"

கேன்டீனே சிரித்தது. அண்ணனின் வாய் ஓரத்திலும் ஏதோ அசைந்தது.

தொட்டி அடிக்கு வெட்டிய தகட்டில் மிஞ்சிய துண்டு ஒன்றை எடுத்து வட்டமாக வெட்டினார். அடியில் குட்டையாகக் கால்கள் வைத்தார். முகமூடியை இறக்கிக்கொண்டு, அடிபட்ட நாளுக்குப் பிறகு முதல்முறையாக நெருப்பைக் கையில் எடுத்தார். அண்ணி பார்க்கப் போகவில்லை. ஏற்கனவே கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

தகடு நடு அடுப்பில் ஏறியது, தகட்டின் மேல் குண்டான் ஏறியது. அண்ணி மூடியில் காதை வைத்தாள். எதுவும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். ஒரு குமிழி வந்தது. அவள் நிமிர்ந்து, தலையை முடிந்துகொண்டு, காதை மறுபடி வைத்த பிறகுதான் அடுத்தது வந்தது. கணவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

மத்தியானச் சங்கு ஊதியது. அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. தன் ஆட்களோடு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மாஸ்டரே கரண்டியால் ஓரத்திலிருந்து மொண்டு அவர் தட்டில் ஊற்றினார். காரட் துண்டுகள் முழுசாகவே விழுந்தன, யாரும் மசிக்கவில்லை. அண்ணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டி நின்று அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குடிக்கிறாரா, மெல்லுகிறாரா, தட்டைத் தள்ளிவிட்டாரா என்று எதையும் பார்க்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை.

தண்ணீர்ச் சத்தத்தையும் கூடத்து இரைச்சலையும் தாண்டி ஒரு சத்தம் வந்தது. தட்டின் விளிம்பில் கரண்டி.

டங் டங்.

அண்ணி குழாயை மூடினாள்.

"ஏம்மா" என்று மாஸ்டர் கத்தினார், "உன் ஆளுக்கு இன்னும் வேணுமாம். கேக்குதா?"

"கேக்குது மாஸ்டர்." அவள் இன்னும் திரும்பவில்லை. ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உடனே ஊத்திடாதீங்க. இன்னொரு தடவை தட்டட்டும்."